மலைப்பூண்டுக்கு முதலீடு கேட்டேன்: அவங்க கேட்ட கேள்விகள் சரியா?

பூம்பாறைப் பொண்ணு:
போன வாரம் மதுரையில முதலீட்டாளர்கள் நாலு பேரைப் பார்த்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டை வடுகபட்டி சந்தைக்கு அனுப்பாம நேரா வீடுகளுக்கு அனுப்புற தொழில், ஒன்றரை வருஷமா நடத்துறேன். 40 லட்சத்துக்கு 20 சதவீதப் பங்கு தர்றதாச் சொன்னேன். 2019-ல புவிசார் குறியீடு கிடைச்ச பூண்டுன்னு ஆரம்பிச்சதுமே ஒருத்தர், "அது மலையில விளைவிக்கிற எல்லாருக்கும் பொது. உங்களுக்கு மட்டும்னு என்ன இருக்கு?"ன்னார். இன்னொருத்தர், "வாங்குனவங்கள்ல மறுபடி வாங்குனது எத்தனை பேர்?"ன்னார். வாயடைச்சுப் போச்சு. பூண்டைப் பத்தி ஒரு கேள்விகூட இல்ல.

கவுஞ்சிக்காரன்:
மழை பிடிச்சா பூண்டு அழுகும், காய விட்டா எடை இறங்கும். அதைக் கேக்காதவர் கையில அஞ்சுல ஒரு பங்கைக் கொடுக்கலாமா தங்கச்சி? எங்கிட்டயும் ஒருத்தர், "என் பணம் எப்போ, எப்படித் திரும்ப வரும்?"னு முதல்லயே கேட்டார். விதைக்கிறதுக்கு முன்னாடியே அறுவடையா? அன்னிக்கே எழுந்து வந்துட்டேன்.

கணக்குப்புள்ள:
அண்ணே, கடன் கொடுத்தவருக்கு மாசத் தவணை வரும். பங்கு வாங்குனவருக்குப் பெரும்பாலும் அந்தப் பங்கை இன்னொருத்தர் கூடுதல் விலைக்கு வாங்குனாத்தான் காசு. கேக்கத்தான் செய்வார்.

40 லட்சத்துக்கு 20 சதவீதம்னா, தொழிலோட மொத்த மதிப்பு 2 கோடின்னு அர்த்தம். அந்த 2 கோடி எங்க இருக்குன்னு தேடித்தான் மத்த கேள்வியெல்லாம். முப்பது விவசாயிங்க உங்களுக்குத்தான் தருவோம்னு எழுதிக் கொடுத்திருந்தா, அது உங்களுக்கு மட்டும் உள்ளது. சகோ, ஒரு கிலோ கணக்கைச் சொல்லுங்க.

பூம்பாறைப் பொண்ணு:
விலை 480. விவசாயிக்கு 280, கூரியர் 70, பெட்டி 25. மிச்சம் 105. புது ஆள் ஒருத்தரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 190 ஆகுது.

கணக்குப்புள்ள:
அப்ப முதல் கிலோவுல 85 நட்டம். அதே ஆள் ரெண்டாவது கிலோ வாங்குனாத்தான் 20 ரூபா கையில நிக்கும். மறுபடி வாங்குனது எத்தனை பேர்னு கேட்டவர், பூண்டைப் பத்தித்தான் கேட்டிருக்கார் சகோ. சாப்பிட்டுப் பிடிச்சிருந்தாத்தானே திரும்ப வருவாங்க!

பூம்பாறைப் பொண்ணு:
ராத்திரி உக்காந்து பில்லையெல்லாம் எண்ணினேன். 342 பேர்ல மறுபடி வாங்குனது 61 பேர். எண்ணி முடிச்சப்புறம் தூக்கம் வரல.

கவுஞ்சிக்காரன்:
அந்த 61-ல நாட்டு மருந்துக்கடை எத்தனை தங்கச்சி? நான் மூணு கடைக்கு மாசாமாசம் பஸ்ல மூட்டை போட்டுவிடுறேன். விளம்பரச் செலவே இல்ல.

பூம்பாறைப் பொண்ணு:
ஒன்பது கடை அண்ணா. ஒவ்வொண்ணும் நாலஞ்சு தடவை வாங்கியிருக்கு. இதை நான் கவனிக்கவே இல்ல.

கணக்குப்புள்ள:
அடுத்த தடவை மதுரை போறப்ப அந்த ஒன்பது கடையில இருந்து பேச்சை ஆரம்பிங்க.

கவுஞ்சிக்காரன்:
போகவே வேண்டாம்ங்கிறேன். ஒன்பது கடையை இருபது ஆக்க 40 லட்சம் எதுக்கு?