40 சதவீதம் காலுக்கா, பிழைப்புக்கா?

நெல்லையான்:
“லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) இன்சூரன்ஸ் கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொள்வதுதான் புத்தி, வழக்கை இழுப்பவர்கள் வக்கீலுக்குத்தான் உழைக்கிறார்கள்” என்று காவிரிக்கரை நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் தங்கை கணவருக்கு வயது 34, வாடகைக் கார் ஓட்டியவர். தப்பான பக்கத்தில் வந்த கார் மோதி வலது முழங்கால் நொறுங்கியது. மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. கம்பெனி 7 லட்சம் என்கிறது. 40 சதவீதத்துக்கு 7 லட்சமா?

காவிரிக்கரை:
அந்த 40 காலுக்குப் போட்டது ஐயா. முழு உடம்புக்குக் கணக்கிட்டால் பாதிதான் வரும். சான்றை மறுபடி படியுங்கள்.

நெல்லையான்:
படித்தாயிற்று. பிரேக்கை மிதிக்கிற கால் அது! ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒரு கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுவதுமே போகலாம், அரசு எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். பார்க்க வேண்டியது பிழைப்பை. நான் 100 கேட்கவில்லை, 40தான் கேட்கிறேன். மாத வருமானம் 20,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. வருடத்துக்கு 3,36,000. வருட வருமானத்தை வயதுக்கேற்ப ஓர் எண்ணால் பெருக்குவது நீதிமன்றக் கணக்கு; 34 வயதுக்கு அந்த எண் 16. மொத்தம் 53,76,000. அதில் 40 சதவீதம் 21,50,400. ஏழு எங்கே, இருபத்தொன்று எங்கே?

மலைக்கோட்டை:
இதில் இரண்டு 40 வருகிறதே, ஊனத்தை இரண்டு முறை சேர்த்துவிட்டீர்களா?

நெல்லையான்:
முதல் 40 வருமான உயர்வு, இரண்டாவது 40 ஊனம். தெரியாவிட்டால் கேட்டுவிட்டு எழுதுங்கள் தம்பி.

மலைக்கோட்டை:
கேட்கத்தானே செய்தேன்? பழைய கார் விலை பற்றிப் போன வருடம் பேசியபோதும் இப்படித்தான் எரிந்து விழுந்தீர்கள்.

காவிரிக்கரை:
20,000 வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைக்கும், உங்கள் கணக்கு அங்கேயே சரியும். என் அக்கா வழக்கு ஆறு வருடம் நடந்தது. தீர்ப்பு வந்ததும் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பாயம் கொடுத்த வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வாங்கிய கடனோ மாதம் இரண்டு வட்டி. நகையெல்லாம் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தங்கம்மாள்:
ஒன்றை இருவருமே மறந்துவிட்டீர்கள். லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. என் கணவருக்குக் காலில் வைத்த பிளேட்டை எடுக்க அடுத்த வருடமே இரண்டாவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. முழுச் செலவும் எங்கள் தலையில். டாக்டரிடம் இனி என்ன செலவு வரும் என்று எழுதி வாங்கினீர்களா?

நெல்லையான்:
அதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் அம்மா. 40க்கு இவர் பதில் சொல்லட்டும்.

காவிரிக்கரை:
அந்த வக்கீலுக்கு எத்தனை சதவீதம்? அதையும் சொல்லுங்கள்.

நெல்லையான்:
எங்கள் குடும்ப வக்கீலைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் அக்கா தோற்றதற்கு ஊரே தோற்க வேண்டுமா?

காவிரிக்கரை:
அக்கா தோற்கவில்லை. பணம் வந்தபோது அவள் மகளின் படிப்பு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். 7 லட்சம் போதுமா, போதாதா என்று மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நெல்லையான்:
அவர் வாங்கிவிடலாம் என்றுதான் சொல்கிறார். வலியில் இருப்பவர் அப்படித்தான் சொல்வார். சனிக்கிழமை லோக் அதாலத்துக்கு நான் கூடவே போகிறேன், 40ஐ ஏற்காமல் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

தங்கம்மாள்:
தங்கை என்ன சொல்கிறாள்?

நெல்லையான்:
அதை வீட்டில் பேசிக்கொள்கிறோம். காவிரிக்கரை, 40க்குப் பதில் இன்னும் வரவில்லை.

காவிரிக்கரை:
காலுக்கு 40, உடம்புக்கு 20. எத்தனை முறை கேட்டாலும் இதுதான்.