புளிமிளகாய் பத்தே நாளில் பூசணம் பிடிக்கிறதே, ஏன்?

கேள்வி: கால் கிலோ பச்சை மிளகாய், எலுமிச்சை அளவு புளி, 50 கிராம் வெல்லம், 3 ஸ்பூன் நல்லெண்ணெய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டேன். மிளகாய்த் தோல் வேகவே இல்லை. பத்தாம் நாள் மேலே வெள்ளைப் படலம். எங்கே தப்பு?

பதில்: எண்ணெய் ரொம்பக் குறைவு, அளவுகளும் போதாது. கால் கிலோ மிளகாய்க்குப் புளி 100 கிராம், வெல்லம் 80, கல்லுப்பு 40, நல்லெண்ணெய் 150 மில்லி வேண்டும். மிளகாயைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போன பிறகு காம்பைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். கீறி, கடுகு பெருங்காயம் தாளித்த எண்ணெயில் தோல் வெளுத்துச் சுருங்கும்வரை வதக்குங்கள். அதன் பிறகுதான் புளி. புளிப்பு பட்ட காய் லேசில் வேகாது. உங்கள் மிளகாய் வேகாததற்கு அதுவே காரணம்.

இன்னொரு பதில்: வெல்லத்தைக் கடைசியில் போடுங்கள், முன்னால் போட்டால் அடிபிடிக்கும். மண் இருக்கும் வெல்லமென்றால் கொஞ்சம் புளிக்கரைசலை எடுத்து அதிலேயே கரைத்து வடிகட்டி, கடைசியில் சேர்க்கலாம், தனித் தண்ணீர் வேண்டாம். கொதிக்கும் கலவையைக் கரண்டியால் கீறினால் தடம் மூடாமல், ஓரத்தில் எண்ணெய் கக்கி நிற்க வேண்டும். வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை ஸ்பூன் போதும், கூடினால் கசக்கும்.

கேள்வி கேட்டவர்: பழைய பாட்டிலை மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இறங்கியிருக்கும். அடுத்த முறை நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டும். ஃப்ரிட்ஜில் வையுங்கள்.