உதவி: பஞ்சு குடோனுக்குள் போனால் வாக்கி-டாக்கி ஊமையாகிவிடுகிறது

நொய்யல்கரை:
தீயணைப்பில் இருக்கிறேன். அவிநாசி பக்கம் பஞ்சு குடோன் தீ. உள்ளே போன ஐந்தே நிமிடத்தில் வாக்கி ஊமை. கூப்பிட்டால் பதில் இல்லை, நடுவில் பீப் என்று ஒரு சத்தம் மட்டும். வெளியே வந்து எல்லாவற்றையும் கழற்றினால் நன்றாகப் பேசுகிறது. இது இரண்டாவது தடவை. நாளை ராத்திரி டூட்டி, சீக்கிரம் சொல்லுங்கள்.

செட்டு மெக்கானிக், ஈரோடு:
பேட்டரிதானுங்க. ஓய்ந்த பேட்டரி சும்மா இருக்கும்போது முழுசாகக் காட்டும், பேசப் பட்டனை அழுத்தினால் படுத்துவிடும். அந்த பீப்பும் அதற்குத்தான். என்ன செட்? பேட்டரி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?

பொள்ளாச்சி ஹாம்:
பேட்டரி இல்லை, தகரக் கூரை. சுற்றிலும் இரும்பு, நடுவில் பேல் (பஞ்சுப் பொதி) அடுக்கு. ஐந்து வாட் கைச்செட்டு அதைத் தாண்டித் தொலைவில் இருக்கும் ரிப்பீட்டரை, அதாவது பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையத்தை, பிடிக்காது. உள்ளே இருப்பவரும் வண்டியில் இருப்பவரும் ரிப்பீட்டர் இல்லாத நேரடிச் சேனலில் பேச வேண்டும். நீங்கள் எந்தச் சேனல்? செட் இடுப்பில் இருந்ததா, நெஞ்சில் இருந்ததா? இடுப்பில் இருந்தால் அலையில் பாதியை உடம்பே குடித்துவிடும்.

ஓய்வு நிலைய அலுவலர், சேலம்:
தம்பி, கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. செட் பெயர் இல்லை, சேனல் இல்லை, எங்கே மாட்டினாய் என்பதும் இல்லை. இங்கே யாரும் ஜோசியம் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசு, இல்லாவிட்டால் முதல் வார்த்தை போய்விடும். மைக்கை முகமூடியில் குரல் வெளியே வரும் பேசும் தட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடி. எங்கள் காலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவோம், இழுப்பை எண்ணியே சேதி சொல்வோம். பயிற்சியில் கற்றுக்கொடுத்ததுதானே இது?

காங்கயம் காளை:
ஆன்லைனில் சல்லிசாக நல்ல செட் கிடைக்கிறதே, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே?

பொள்ளாச்சி ஹாம்:
தயவுசெய்து வேண்டாம். 2018 விதிப்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் குறைந்த திறன் செட்டுக்குத்தான் உரிமம் தேவையில்லை. அந்தச் செட்டுகளில் பல, எந்த அலைவரிசையில் வைத்தாலும் பேசும். யாரோ கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்தப் பேசுவது அவசரச் சேனலில் விழுந்தால் என்ன ஆகும்?

காங்கயம் காளை:
எஸ்டேட்டில், கோழிப்பண்ணையில் எல்லோரும்தான் வைத்திருக்கிறார்கள். யாரைப் பிடித்தார்கள்?

பொள்ளாச்சி ஹாம்:
பிடிக்கவில்லை என்பதற்காகச் சரியாகிவிடாது. நான் பரீட்சை எழுதி ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கியவன், இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செட்டு மெக்கானிக், ஈரோடு:
சூடும் காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் நிஸ்ட் என்ற தர ஆய்வு நிறுவனம் ஏழு செட்டுகளை மூடாமல் 160 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்தது. 15 நிமிடத்துக்குள் ஏழுமே கோளாறாகிவிட்டன. செட்டைக் கோட்டுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள்.

மில் சேஃப்டி, பெருந்துறை:
சூட்டில் போன செட் வெளியே வந்த உடனே சரியாகாதுங்க. நொய்யல்கரை, மூன்றே கேள்வி. தோள் மைக் இருக்கிறதா, எங்கே குத்தியிருந்தீர்கள்? கூட வந்தவர் செட் அப்போது பேசியதா? வண்டியில் இருந்தவருக்கு என்ன கேட்டது?

நொய்யல்கரை:
மைக் இடது தோளில். செட் கோட்டுப் பையில். கூட வந்த தம்பி செட்டும் வேலை செய்யவில்லை, சொல்ல மறந்துவிட்டேன். டிரைவர் அண்ணனுக்கு யாரோ புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டதாம்.

மில் சேஃப்டி, பெருந்துறை:
அந்த மூச்சு உங்களுடையது. பி.ஏ. செட்டின், அதாவது முதுகில் மாட்டும் சுவாசக் கருவியின், தோள்வார்ப் பட்டையை இறுக்கும்போது அதற்கடியில் மைக் பட்டன் அழுந்திக் கிடக்கிறது. உங்கள் செட் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அனுப்பும்போது எதுவும் கேட்காது. அதே சேனலில் மற்றவர் பேசுவதும் அடைபடும். தொடர்ந்து அனுப்பினால் நேரக்கணக்கு முடிந்து செட்டே நிறுத்தும், அப்போது வருவதுதான் பீப். பிறகு கை அசைந்து பட்டன் விட்டு அழுந்தினால் மறுபடி ஆரம்பிக்கும். வெளியே வந்து பட்டையைக் கழற்றியதும் சரியாகிவிடுகிறது.

எங்கள் மில் ஒத்திகையில் இதே நடந்தது. உள்ளே ஒருவர் வழி தெரியவில்லை என்று ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறார், வெளியே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை அது மனதை விட்டுப் போகவில்லை. ராத்திரிக்கு முன்னால் முழு உடுப்பும் மாட்டி, பட்டையை இறுக்கி, செட்டின் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான செட்டுகளில் அனுப்பும்போது சிவப்பு எரியும். அப்புறம் மைக் வயரைத் தொங்க விடாதீர்கள். பேல் கட்டுகிற கம்பியில் வளையமாக மாட்டினால் தவழ்கிறவரை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். செட்டும் வயரும் கோட்டுக்குள், மைக் மட்டும் காலரருகே வெளியே.

ஓய்வு நிலைய அலுவலர், சேலம்:
மூச்சுச் சத்தம் என்பதை முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அம்மணி சொல்வது சரி. செய்து பார்.

நொய்யல்கரை:
நிலையத்திலேயே மாட்டிப் பார்த்தோம். பட்டையை இறுக்கியதும் சிவப்பு. தம்பிக்கும் அதேதான். மைக்கைக் காலருக்கு மாற்றிவிட்டோம், இப்போது பட்டை தொடவில்லை. நன்றிங்க அக்கா. மணி அடிக்கிறது, போகிறேன்.

செட்டு மெக்கானிக், ஈரோடு:
விடாமல் அனுப்பியதில் பேட்டரி இறங்கியிருக்கும். வந்ததும் முழுசாகச் சார்ஜ் போடுங்க.