கெக்ஸெக்குக்குப் பின் டிபிஎம் நிகழ்வுப் பதிவைக் கர்னல் எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: கருங்கல்

வணக்கம். நாங்கள் பராமரிக்கும் சர்வர்களில் லினக்ஸ் கர்னலை மாற்றும்போது, ஃபர்ம்வேர் வழியாக முழுமையாக மறுதொடக்கம் செய்யாமல், கெக்ஸெக் மூலம் புதிய கர்னலுக்கு நேரடியாகத் தாவுகிறோம். கர்னல் 6.1 வரிசையைச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே கட்டியது. மின்சாரம் கொடுத்துத் தொடங்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. கெக்ஸெக் செய்த பிறகு மட்டும், எப்போதாவது, டிபிஎம் (தொடக்க அளவீடுகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) இறுதி நிகழ்வுப் பட்டியலில் ஒரு நிகழ்வைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி "ஃபர்ம்வேர் பிழை" என்ற முத்திரையோடு வருகிறது. வேறு சில நேரங்களில், நினைவகத்தை ஒழுங்குபடுத்தும் தொடக்க நிலையிலேயே இயந்திரம் நின்றுவிடுகிறது. முத்திரையை நம்பி ஃபர்ம்வேரைப் புதுப்பித்தோம், மாற்றம் இல்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். தொடக்கத்தில் அளவிடப்பட்டவற்றை வரிசையாகக் குறித்து ஃபர்ம்வேர் தரும் நிகழ்வுப் பதிவைப் படிக்கும்போது கர்னல் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? பதிவின் உண்மையைப் பிசிஆர் (டிபிஎம்முக்குள் அளவீடுகள் சேரும் பதிவகம்) மதிப்புகளோடு ஒப்பிட்டு, பொருந்தாததைக் கர்னலே ஏன் நிராகரித்துவிடக் கூடாது?

மறுமொழி: அடித்தளம்

உங்கள் முதல் கேள்விக்கான விடை பதிவின் வடிவத்திலேயே இருக்கிறது. டிபிஎம் 1.2 காலத்துப் பதிவில் ஒவ்வொரு நிகழ்வும் பிசிஆர் எண், நிகழ்வின் வகை, 20 பைட் ஷா-1 டைஜெஸ்ட் (அளவிடப்பட்டதன் ஹேஷ் மதிப்பு), தரவின் நீளம், அதன்பின் தரவு என்ற மாறாத வரிசையில் இருந்தது. ஆகவே 32 பைட்டைப் படித்தாலே அடுத்த நிகழ்வு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். டிபிஎம் 2.0 பதிவில் அந்த வசதி இல்லை. ஒரே நிகழ்வுக்கு ஷா-1, ஷா-256, ஷா-384 எனப் பல டைஜெஸ்ட்டுகள் இருக்கலாம். ஒவ்வொன்றின் முன்னாலும் 2 பைட் அல்காரிதம் எண் மட்டுமே உண்டு, நீளம் இல்லை. எந்த அல்காரிதத்துக்கு எத்தனை பைட் என்ற அட்டவணை, பழைய வடிவத்திலேயே எழுதப்படும் முதல் நிகழ்வில் இருக்கிறது. அந்த ஒரு நிகழ்வு கெட்டால், பின்னால் வரும் எந்த நிகழ்வின் எல்லையையும் கணக்கிட வழியில்லை.

இதனால்தான் நிகழ்வின் அளவைக் கணக்கிடும் கர்னல் செயற்கூறு முதல் நிகழ்வைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறது. பிசிஆர் எண் 0 ஆக, வகை "நோ ஆக்‌ஷன்" ஆக, டைஜெஸ்ட் இருக்க வேண்டிய 20 பைட்டும் சுழியாக இருக்க வேண்டும் என்ற சோதனைகள் 2020-இல் சேர்ந்தவை. "ஸ்பெக் ஐடி ஈவென்ட்03" என்ற கையொப்பம் இருக்க வேண்டும். அல்காரிதங்களின் எண்ணிக்கை சுழியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிகழ்விலும் அதே எண்ணிக்கையில் டைஜெஸ்ட்டுகள் இருக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத அல்காரிதம் எண் வந்தால் அதைத் தாண்டிச் செல்ல முடியாது என்பதால், நிகழ்வின் அளவு 0 என்று திருப்பி, அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இதில் தயக்கம் காட்டாதது சரியே. ஊகித்துத் தாண்டும் நிரல்தான் பிறருடைய நினைவகத்தில் போய் நிற்கும்.

நீங்களே இப்படியொரு நிரலை எழுத நேர்ந்தால் இன்னும் இரண்டைச் சேருங்கள். முதலாவது, அல்காரித அட்டவணை முழுவதும் முதல் நிகழ்வு தனக்கென அறிவித்த நீளத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். ஷா-256-க்கு 32 பைட் என்பது போல நமக்கே தெரிந்த அளவுகளோடும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, "முகவரியையும் நீளத்தையும் கூட்டினால் எல்லையைத் தாண்டுகிறதா" என்று கேட்காதீர்கள். நீளம் 32 பிட் எண் ஆகையால், 32 பிட் இயந்திரத்தில் அந்தக் கூட்டல் சுற்றிவந்து சிறிய எண்ணாகத் தெரியலாம். "எல்லைவரை மீதம் எத்தனை பைட், அதற்குள் இந்த நீளம் அடங்குமா" என்று கேளுங்கள்.

மறுமொழி: பொருநை

மேலே சொன்ன சோதனைகள் அவசியமானவை. ஆனால் கருங்கல் விவரித்த அறிகுறிக்குக் காரணம் வேறு என்றே கருதுகிறேன். "ஃபர்ம்வேர் பிழை" என்ற முத்திரை இங்கே தவறான இடத்தைக் காட்டுகிறது.

முதல் தொடக்கத்தில், கர்னலின் இஎஃப்ஐ (ஃபர்ம்வேர் இடைமுகம்) முன்பகுதி ஃபர்ம்வேரிடம் பதிவைக் கேட்டு வாங்கி, அதற்கென ஒதுக்கிய நினைவகத்தில் நகலெடுத்து, அந்த முகவரியை இஎஃப்ஐ கட்டமைப்பு அட்டவணை ஒன்றின் மூலம் கர்னலுக்குத் தெரிவிக்கிறது. இது ஃபர்ம்வேரின் அட்டவணை அன்று. லினக்ஸ் தனக்காக உருவாக்கிக்கொண்டது. அந்த நினைவகம் நீண்ட காலம் "லோடர் டேட்டா" என்ற வகையில் ஒதுக்கப்பட்டது. எக்ஸ்86 இயந்திரங்களில் கெக்ஸெக் புதிய கர்னலுக்குக் கொடுக்கும் இ820 வரைபடத்தில் (நினைவகத்தின் எந்தப் பகுதி எதற்கு என்ற பட்டியல்) அந்த வகை சாதாரண, பயன்படுத்தத்தக்க நினைவகமாகவே தெரியும். எனவே புதிய கர்னலோ அதன் இனிட்ரேம்எஃப்எஸ் (தொடக்கக் கோப்பமைப்பு) கோப்போ பதிவின் மேலேயே வந்து உட்காரலாம். முகவரி மட்டும் பழையபடி அட்டவணையில் இருக்கிறது. புதிய கர்னல் அங்கே போய்ப் படிப்பது பதிவை அன்று, அதன்மேல் எழுதப்பட்ட வேறு எதையோ. அந்த இடத்தில் எது வந்து விழுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால்தான் உங்களுக்கு எப்போதாவது மட்டும் நேர்கிறது.

2024-இல், 6.12 வரிசைக்கான மாற்றங்களோடு, ஒதுக்கீடு "ஏசிபிஐ ரீக்ளெய்ம்" வகைக்கு மாற்றப்பட்டது. அந்த வகை இ820 வரைபடத்தில் தனியாகக் குறிக்கப்படுவதால் கெக்ஸெக்குக்குப் பிறகும் பதிவு பிழைத்திருக்கும்.

தொடக்கத்திலேயே இயந்திரம் நிற்பதற்கும் இதுவே வேர். பதிவின் அளவு என்ற குறியில்லா 32 பிட் எண்ணைக் கர்னல், குறியுள்ள மாறி ஒன்றில் வைத்து, அந்த அளவுக்கு நினைவகத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லியது. அந்த இடத்தில் குப்பை இருந்து, மதிப்பு 2147483648-ஐ எட்டிவிட்டால் மாறி எதிர்ம எண்ணாகிறது. அதை 64 பிட்டுக்கு விரிக்கும்போது மிகப் பெரிய எண்ணாகிறது. முந்தைய ஒரு குறிப் பிழையைத் திருத்தப் போட்ட திருத்தமே இந்தப் பிழையைக் கொண்டுவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இதுவும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. இரண்டு திருத்தங்களும் உங்கள் கர்னலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கருங்கல்:

மிக்க நன்றி. முதல் தொடக்கத்தின் கர்னல் செய்திகளில் பதிவின் முகவரி கிடைத்தது. கெக்ஸெக்குக்குப் பிந்தைய இ820 வரைபடத்தில் அது பயன்படுத்தத்தக்க பகுதியின் நடுவில்தான் இருக்கிறது. திருத்தங்கள் இரண்டும் எங்கள் கர்னல் மூலநிரல் மரத்தில் இல்லை. இனி என் இரண்டாவது கேள்விதான் மீதம்.

மறுமொழி: சான்றாய்வு

தொலைச் சான்றளிப்பில் (இயந்திரத்தின் நிலையை வெளியிலிருந்து சரிபார்ப்பதில்) பணிபுரிபவன் என்ற முறையில் அதற்கு விடை சொல்கிறேன். பதிவு ஒரு வாக்குமூலம், பிசிஆர்தான் சாட்சி. பிசிஆரின் பழைய மதிப்போடு புதிய டைஜெஸ்ட்டைச் சேர்த்து ஹேஷ் செய்ததே புதிய மதிப்பு. ஆகவே பதிவை முதலிலிருந்து அதே வரிசையில் கணக்கிட்டு வந்தால், டிபிஎம் காட்டும் மதிப்பில் முடிய வேண்டும். ஆனால் இந்த ஒப்பீட்டைச் செய்வது கர்னல் என்றால், தன்னைச் சோதிக்க வேண்டிய கர்னலே தனக்குத் தீர்ப்பு எழுதுவதாகிவிடும். மாற்றியமைக்கப்பட்ட கர்னல் "பொருந்துகிறது" என்று சொல்வதை யார் தடுப்பார்கள்? தீர்ப்பு வெளியே, டிபிஎம் கையொப்பமிட்ட மேற்கோளை (பிசிஆர் மதிப்புகளின் அறிக்கையை) பெறும் சர்வரில்தான் நடக்க வேண்டும். கர்னலின் கடமை பதிவைப் பாதுகாப்பாகப் படித்து, ஒரு பைட்டும் மாற்றாமல் வெளியே கொடுப்பது.

அந்தக் கணக்கீட்டிலும் நுணுக்கங்கள் உண்டு. "நோ ஆக்‌ஷன்" நிகழ்வுகளைப் பிசிஆரில் சேர்க்கக் கூடாது. ஆனால் அவற்றுள் "ஸ்டார்ட்டப் லோகாலிட்டி" என்பது பிசிஆர் 0-இன் தொடக்க மதிப்பையே மாற்றுகிறது. இதைத் தவறவிட்டு, நல்ல இயந்திரங்களைக் கெட்டவை என்று ஒதுக்கிய அனுபவம் எனக்கு உண்டு. இறுதி நிகழ்வுப் பட்டியலிலும் கவனம் தேவை. பூட்லோடர் ஒருமுறை பதிவைக் கேட்டு வாங்கிய பிறகு நடப்பவை முதன்மைப் பதிவிலும் இறுதிப் பட்டியலிலும் எழுதப்படுவதால், கர்னல் அவற்றின் அளவைக் கழித்துவிட்டு மீதியை மட்டுமே ஒட்டுகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: பிசிஆர் பொருந்தினால் டைஜெஸ்ட்டுகள் உண்மை என்று மட்டுமே பொருள்; அவற்றோடு எழுதப்பட்ட தரவு உண்மை என்று பொருள் அன்று. பிசிஆர் 7-இல் செக்யூர் பூட் (கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் வசதி) மாறிகளுக்கான நிகழ்வுகளில் ஹேஷ் செய்யப்படுவது அந்தத் தரவேதான். அதை மீண்டும் ஹேஷ் செய்து உறுதிப்படுத்தலாம். ஆனால் பூட்லோடரை ஏற்றிய நிகழ்வில் டைஜெஸ்ட் என்பது அந்த நிரல் கோப்பின் ஹேஷ். தரவாக இருப்பதோ கோப்பு இருந்த பாதை. பாதையை யாரேனும் மாற்றி எழுதினாலும் கணக்கு பொருந்தும். கோப்பின் பெயரை வைத்து முடிவெடுக்கும் சரிபார்ப்பு நிரல்களை நான் ஏற்பதில்லை.

கெக்ஸெக் செய்யும்போது டிபிஎம் மீட்டமைக்கப்படுவதில்லை; பிசிஆர் 0 முதல் 7 வரை முதல் தொடக்கத்தின் மதிப்புகளே தொடரும். ஆகவே முதல் தொடக்கத்தில் செக்யூரிட்டிஎஃப்எஸ் (கர்னல் பாதுகாப்புத் தகவல்களைக் காட்டும் கோப்பமைப்பு) வழியாகக் கிடைக்கும் பதிவை அப்போதே நகலெடுத்து உங்கள் சரிபார்ப்புச் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். திருத்தப்பட்ட கர்னல் எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச்சேரும் வரை, கெக்ஸெக்குக்குப் பின் தேவைப்படும் ஒப்பீடுகளை அந்த நகலைக் கொண்டே செய்துகொள்ளலாம்.

கருங்கல்:

நகல் அனுப்பும் பணியைத் தொடக்கச் சேவையில் சேர்த்துவிட்டேன். திருத்தங்களை 6.1 மரத்தில் பொருத்திக் கட்டிய கர்னலை இன்று நான்கு இயந்திரங்களில் ஏற்றி, பழைய இனிட்ரேம்எஃப்எஸ் அளவோடும் பெரிதாக்கிய அளவோடும் மாறிமாறிக் கெக்ஸெக் செய்து பார்க்கப் போகிறேன். முடிவை இதே இடத்தில் எழுதுகிறேன்.