மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடுமா?

வகுப்பு_9ஆ: நீதித்துறைப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்ட இரண்டு கேள்விக்குப் பாடநூலில் பதில் இல்லை. மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அதிகம் என்றால் அது ஏன் சாட்சிகளை மறுபடி விசாரிப்பதில்லை? உச்ச நீதிமன்றம் தனக்குப் பிடிக்காத சட்டத்தைத் தூக்கிப்போட முடியுமா?

கட்டுக்காரர்: முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். என்ன நடந்தது என்பது ஒன்று, அதற்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது வேறொன்று. நடந்ததை முடிவுசெய்வது விசாரணை நீதிமன்றம். சாட்சி கூண்டில் ஏறுகிறார், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்கிறது. அவர் தடுமாறினாரா, அடித்துச் சொன்னாரா என்று நேரில் பார்த்தவர் அந்த நீதிபதிதான். ஜூரி முறை உள்ள இடத்தில் ஜூரிகள், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்கள். மேலே போவது வழக்குக் கட்டு மட்டுமே, அதாவது சாட்சியப் பதிவும் ஆவணங்களும். அதனால் கீழே தாக்கல் செய்யாத ஆவணத்தை மேலே நுழைப்பது மிகக் கடினம். கீழே எழுப்பாத ஆட்சேபணையும் பெரும்பாலும் எடுபடாது. நல்ல வழக்குகூட மேல்முறையீடு செய்யும் காலக்கெடுவில் கோட்டை விட்டால் போச்சு: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 30 நாள், குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு 14 நாள்.

தராசு: ஒரு சின்னத் திருத்தம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரான்ஸின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடந்ததையும் புதிதாக ஆராயும். அதற்கும் மேலே உள்ள கசேஷன் நீதிமன்றம்தான் சட்டத்தை மட்டும் பார்க்கும். இந்திய உரிமையியல் வழக்கில் முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தை மறுமதிப்பீடு செய்வார்கள், அதுவும் பதிவைப் படித்துத்தான். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. பிடிக்கவில்லை என்பது காரணமே ஆகாது, அரசியலமைப்புக்கு முரணாக இருக்க வேண்டும். பொதுவாக யாராவது வழக்கோடு வரவும் வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து சில விஷயங்களை எடுப்பது விதிவிலக்கு. சட்டத்தை ரத்துசெய்யும் இந்த அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது 1803இல், மார்பரி எதிர் மாடிசன் என்ற வழக்கில். ஜெர்மனியில் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கேட்டாலே போதும், தகராறு எதுவும் இல்லாமலே அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தைப் பரிசோதிக்கும். பிரிட்டனில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றத்தால் ரத்துசெய்யவே முடியாது. 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டப்படி ‘இது உரிமைகளுக்கு முரண்’ என்று அறிவிக்கலாம், ஆனால் நாடாளுமன்றம் மாற்றும்வரை சட்டம் அமலில்தான் இருக்கும். பிள்ளைகள் கட்டாயம் குழம்புகிற இடம் இது, மெதுவாகப் போங்கள்.

வகுப்பு_9ஆ: இருவருக்கும் நன்றி. தீர்ப்பை அரசே மதிக்காவிட்டால்?

கட்டுக்காரர்: நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அந்த ஆணையை நிறைவேற்றுவதும் நிர்வாகத் துறைதான். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஆர்கன்சா மாநில ஆளுநர் 1957இல் மாநிலத்தின் தேசியக் காவல் படையை நிறுத்தி, லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுத்தார். அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகுதான் அந்த ஒன்பது பேரால் தொடர்ந்து வகுப்புக்குப் போக முடிந்தது.