பழைய கேம்பர் வேனில் மூட்டுத் துரு: அனுபவப் பகிர்வு

லெஸ்டர்வாசி

என்னுடையது 1988 ஃபோக்ஸ்வாகன் டி25, உள்ளேயே சமைத்துப் படுத்துப் பயணம் போகிற கேம்பர் வேன். ஐந்து வருடமாகக் கையில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் கடலை முதலில் பார்த்தது இந்த வண்டியின் ஜன்னல் வழியாகத்தான், அதனால் இதை விற்கிற எண்ணமே கிடையாது.

போன மார்ச்சில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சறுக்குக் கதவுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக, தகடுகள் சேரும் மூட்டு ஒன்று ஓடும். அதன் ஓரத்தில் பெயின்ட் லேசாகப் புடைத்திருந்தது, ஒரு அரிசி அளவுக்குத்தான். நகத்தால் நெருடினேன். அப்பளம் ஒடிகிற மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அடியில் ஈரமான செம்மண் போல துரு. மழை பெய்து நாலு நாள் ஆகியும் அந்த இடம் காயவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த வண்டிகளின் உடல் பல தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துச் சேர்த்தது. இரண்டு தகடு சேரும் கோட்டில் சீலர் என்கிற பசையை நிரப்பி அதன்மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். முப்பது வருடத்தில் அந்தப் பசை காய்ந்து இறுகி, தலைமுடி அளவுக்கு வெடிப்பு விடுகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த வெடிப்பு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கே இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், அதுவும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விடும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அதனால் அது தகடுகளை நெம்பி வெடிப்பைப் பெரிதாக்க, இன்னும் தண்ணீர் இறங்குகிறது. வெளியே அரிசி அளவு தெரிகிறது என்றால் உள்ளே ஒரு விரல் நீளமாவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே வண்டியின் இடது பக்க மூட்டை, வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தேன். மேலே தேய்த்து, பட்டி வைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டே குளிர்காலம்தான். பட்டி தகடாகவே கழன்று வந்தது, உள்ளே முன்பைவிட மோசம். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதை. அதனால் இந்த முறை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

பழைய ரம்பத் தகடு ஒன்றின் நுனியை உரசிக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டேன். அதை வைத்து மூட்டிலிருந்த சீலர் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். துரு தெரிந்த இடத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் நல்ல இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை போனேன். சுமார் ஒன்றரை மீட்டருக்கு இரண்டு சனி ஞாயிறு ஆனது. கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷை மட்டும் நம்பாதீர்கள். அது துருவை எடுக்காமல் மெருகேற்றி விட்டுவிடும். பார்த்தால் சுத்தமான இரும்பு மாதிரியே மின்னும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் குழிகளுக்குள் கருப்பாக அப்படியே உட்கார்ந்திருக்கும். கூர்மையான ஆணியால் குழி குழியாகக் குத்தி, உப்புத்தாளை மடித்துத் தேய்த்தேன்.

அப்புறம் மிச்சத் துருவை அரிக்காத பூச்சாக மாற்றுகிற, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, இரண்டு முறை. டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து, ஜூன் வெயிலில் மூன்று நாள் காயவிட்டேன். இந்த மூன்று நாள் பொறுமைதான் முக்கியம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் செய்த அத்தனையும் வீண். காய்ந்தபிறகு எபாக்ஸி ப்ரைமர் என்கிற அடிப்பூச்சை சின்ன பிரஷால் மூட்டுக்குள் திணித்துத் திணித்துப் பூசினேன். அதன்மேல் பாலியுரிதேன் சீலர், பிறகு மேல் ப்ரைமர், கடைசியாக நிறம். எபாக்ஸிக்கு வெதுவெதுப்பு வேண்டும், பத்து டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. இந்த வேலையை நவம்பரில் ஆரம்பிக்காதீர்கள்.

இதையெல்லாம் முடித்துவிட்டு உள்பக்கத்து ஒட்டுப்பலகையைக் கழற்றினேன். முதலில் கழற்றியிருக்க வேண்டும். குளிருக்காகத் திணித்திருந்த கண்ணாடிப் பஞ்சு பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஊறிக் கிடந்தது. ஜன்னல் ரப்பர் ஒரு மூலையில் காய்ந்து சுருங்கி, மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் நேராகப் பஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. துரு வெளியிலிருந்து வந்தது என்று நினைத்தேன், பாதி உள்ளிருந்து வந்திருக்கிறது. பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு ரப்பரை மாற்றினேன். மூட்டின் உள்முகத்தையும் சுத்தம் செய்து, நீளக் குழாய் வைத்து, துருவைத் தடுக்கும் மெழுகு பீய்ச்சினேன். மெழுகு எப்போதும் கடைசிதான், மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

மொத்தம் 180 பவுண்டுக்குள் முடிந்தது, என் உழைப்பு தனி. உங்கள் வண்டிகளில் எப்படி?

நெக்கார்க்கரை

அண்ணா, நாங்கள் துருவைக் கறள் என்போம். நான் ஸ்டுட்கார்ட் பக்கம். எங்களுடையது பழைய மெர்சிடிஸ் 207டி. இதில் கூரையின் ஓரமாக மழைநீர் ஓடும் பீலி ஒன்று இருக்கிறது, கறள் பிடிப்பது அங்கேதான்.

எங்களுக்கு முன் வைத்திருந்தவர் பீலி முழுவதும் சிலிக்கன் நிரப்பியிருந்தார், குளியலறையில் பூசுகிற அதே சாமான். வாங்கும்போது வடிவாகத்தான் இருந்தது. இரண்டாம் வருடம் சமையல் மேடைக்கு மேலே தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சிலிக்கனை இழுத்தேன், நாடா மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது, அடியில் கறளும் சேர்ந்து வந்தது. பூசும்போது வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் இறுகும்போதே அசெட்டிக் அமிலத்தை விடுகிறது. வெறும் இரும்பில் அதைப் பூசுவது கறளுக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி. அதோடு, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்டும் நிற்காது. மிச்சத்தை வழித்து எடுக்க எனக்கு ஒரு கிழமை போனது.

இங்கே முப்பது வயது தாண்டிய வாகனத்துக்குப் பழம்பொருள் என்கிற எச் இலக்கத்தகடு எடுக்கலாம், ஆனால் வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும். சோதித்தவர் ஏணி வைத்து ஏறிப் பீலியைத்தான் முதலில் பார்த்தார். அந்த வருடம் கிடைக்கவில்லை. திருத்திக் கொண்டுபோய் அடுத்த வருடம் எடுத்தோம்.

பற்றவைப்பு

நான் இங்கே வெல்டிங் வேலையில் இருக்கிறேன், ஊரில் அப்பாவுக்கு டிங்கரிங் பட்டறை. மேலே இருவரும் சொன்னது வெறும் மேல்துருவாக இருக்கும்வரை சரி. தகடு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: திருப்புளியின் பிடியால் மூட்டு நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு டங் என்று சொல்லும். தேய்ந்த இடம் டப் என்று அடங்கும். அங்கே திருப்புளி நுனியை அழுத்துங்கள். உள்ளே போனால் ரசாயனத்தால் ஆகாது, வெட்டி எடுத்துப் புதுத் தகடுதான் வைக்க வேண்டும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒன்று. சீட் பெல்ட் மாட்டுமிடம், சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் மாட்டுமிடம் போன்றவற்றிலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு வலுவிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனச் சோதனைச் சான்று கிடைக்காது. அங்கே பட்டி வைத்து மறைப்பது உங்கள் பிள்ளைகள் உட்காரும் சீட்டோடு விளையாடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேம்பரில் வெல்டிங் செய்வதற்கு முன்னால் கேஸ் சிலிண்டரை வண்டியைவிட்டே எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். அந்தப் பக்கத்துப் பலகை, பஞ்சு, திரைச்சீலை எல்லாவற்றையும் அகற்றுங்கள். வேலை முடிந்ததும் உடனே வீட்டுக்குள் போய்விடாமல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பலகைக்குப் பின்னால் விழுந்த பொறி கனிந்துகொண்டே இருந்து அரை மணி கழித்துப் புகைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வடகடல்

ஸ்காட்லாந்திலிருந்து. மழையைச் சொன்னீர்கள், மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உள்ளே படுத்து, கதவை அடைத்துச் சோறு வடித்தால் விடியும்போது தகடு முழுக்க வியர்த்திருக்கும். அந்த ஈரம் வழிந்து கீழ் மூட்டில்தான் தேங்குகிறது. நான் எந்தக் குளிரிலும் கூரையிலுள்ள காற்றுத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்தே வைக்கிறேன். வண்டியின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும். என் வண்டியில் யாரோ அடிப்பூச்சு அடிக்கும்போது அத்தனையையும் அடைத்துவிட்டிருந்தார்கள். கம்பியால் குத்தித் திறந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியது.

லெஸ்டர்வாசி

எல்லோருக்கும் நன்றி. வெல்டிங் தம்பி சொன்னபடி இடது பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். சக்கர வளைவுக்கு மேலே ஒரு சாண் தூரம் டப் என்றுதான் கேட்டது. அதை அவரிடமே கொடுக்கப் பேசியிருக்கிறேன், மே மாதம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் செய்த பக்கத்தை இந்தக் குளிர்காலம் முடிந்ததும் திறந்து பார்த்தேன். குழாய் கேமராவை விட்டுப் பார்த்ததில் உள்ளே மெழுகு பிசுபிசுவென்று அப்படியே இருக்கிறது, பலகையின் பின்பக்கம் காய்ந்திருக்கிறது. வெளியே மூட்டின் அடிமுனையில் மட்டும் கடுகளவு ஒரு புடைப்பு. அங்கே சுரண்டும்போது கொக்கி எட்டவில்லை, போதும் என்று விட்டது நினைவிருக்கிறது. அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். வெயில் வந்ததும் அந்த ஒரு சாணை மறுபடியும் திறக்கிறேன்.