மறு: ரெட் ஹெரிங் – கருவாடா, மாயமானா, பராக்கா?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

துப்பறியும் கதையில் வாசகரின் சந்தேகத்தை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் ஆளையோ பொருளையோ ஆங்கிலத்தில் ‘ரெட் ஹெரிங்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று சனிக்கிழமை நான் ஒரு வரியில் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாமாக் கடையில் பசியாறிக்கொண்டே படிக்க ஆரம்பித்தவன், மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டு எழுந்தேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் வேலை கெட்டுவிடும். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எதற்காகக் கேட்டேன் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பழைய துப்பறியும் நாவல் ஒன்றை 13 பகுதித் தொலைக்காட்சித் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறோம். பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித்தொழில் நடக்கும் கடையில், நடக்கும் கதை. மழை கொட்டும் ஓர் இரவில் கடையின் தலைவரான மேலாள் கொல்லப்படுகிறார். சந்தேகம் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் மேல் விழுகிறது, அப்புறம் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன் மேல். திரைக்கதையோடு ஓர் அட்டவணையும் வைத்திருக்கிறோம். காட்சி எண், இடம், ஆட்கள், பொருள்கள், துப்பு என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு மட்டும் ரெட் ஹெரிங் என்றே நிற்கிறது. அதற்குத்தான் ஒரு சொல் வேண்டும்.

முதலில் ‘போலித் தடயம்’ என்றுதான் போட்டிருந்தோம். குழுமத்தில் நால்வர் முன்மொழிந்ததும் அதுவே. அது ஏன் உதவாது என்பதை நான் அரை நாள் படப்பிடிப்பைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் பகுதியில் அடுத்தாளின் பெட்டியில் ஒரு கடிதம் கிடைக்கிறது. ஊரிலிருந்து மனைவி எழுதியது, அவசரமாகப் பணம் கேட்டு. கொலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் கடிதம் உண்மையானது. அட்டவணையில் ‘போலித் தடயம்: கடிதம்’ என்று பார்த்த கலைத்துறைத் தம்பி என்ன செய்தார் தெரியுமா? யாரோ பெண் கையெழுத்தைப் பழகி எழுதியது போல, பாதி எழுத்து சாய்ந்தும் பாதி நிமிர்ந்தும், வெகு சிரத்தையாக ஒரு கள்ளக் கடிதத்தைத் தயாரித்துக் கொண்டுவந்துவிட்டார். கேமரா அருகில் போனதும் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும் அது மோசடி என்று. தம்பியைக் குறை சொல்ல வாயில்லை. போலி என்று எழுதியவன் நான்.

சிக்கல் இங்கேதான். குற்றவாளி துப்பறிபவரை ஏமாற்றப் போட்டுவைப்பது போலித் தடயம். கதைக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் சூது அது. ரெட் ஹெரிங் என்பது கதாசிரியர் வாசகருக்குச் செய்வது. அதில் பொய் இருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால், நிஜமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அடுத்தாள் உண்மையிலேயே கடனாளி, இரவில் உண்மையிலேயே வெளியே போனார், ஆனால் கொலையாளி அவர் இல்லை. ஆகவே பொய், போலி, கள்ள என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் தள்ளிவிட வேண்டியதுதான். ‘பொய்த்துப்பு’ கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

‘செங்கருவாடு’ என்று எழுதிய ஈப்போ அண்ணனுக்கு: சிரித்தேன், ஆனால் வேண்டாம். மூலக்கதை நீங்கள் சொன்னதுதான். உப்பிட்டுப் புகைபோட்டுச் சிவந்துபோன மீன். வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1807இல், சிறுவனாக இருந்தபோது முயலை விரட்டிய வேட்டை நாய்களை அப்படியொரு மீனை இழுத்துத் திசைதிருப்பியதாக எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டார் என்ற தவறான செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைச் சாடத்தான் அந்தக் கதை. அந்த மீனை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்? நம் ஊரில் கருவாட்டு வாசம் வந்தால் யாரும் திசை மாற மாட்டார்கள், நேரே அடுப்படிக்குத்தான் போவார்கள்.

‘திசைதிருப்பி’ பரவாயில்லை. ஆனால் ரௌட்டருக்குத் ‘திசைவி’ என்று வைத்த பிறகு, இதுவும் ஏதோ மின்கருவி போலவே காதில் விழுகிறது.

‘மாயமான்’ பக்கம் எனக்கும் சபலம் தட்டியது. பொன்மான் பின்னால் ராமன் போன கதை தெரியாத தமிழர் உண்டா? ஆனால் அந்த மானை அனுப்பியவன் ராவணன், அதாவது குற்றவாளி. மறுபடியும் போலித் தடயத்தில் வந்து நிற்கிறோம். இன்னொரு தொல்லை, கைப்பிரதியில் ‘மாயமான்’ என்பதும் ‘மாயமான’ என்பதும் ஒரு புள்ளி வித்தியாசம். 2014இல் எம்எச்370 காணாமல் போனபோது ‘மாயமான விமானம்’ என்று எத்தனை நாள் நாளிதழ்களில் படித்தோம். ‘மாயமான் – குடை’ என்று நான் எழுத, குடை தொலைந்துவிட்டது என்று யாராவது தேடப் போவார்கள்.

நாவலில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவரும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் கதையின் உண்மையான துப்பு ஒரு குடை. மழையில் வெளியே போய் வந்ததாகச் சொல்பவரின் குடை நனையவே இல்லை. நாவலாசிரியர் இதை ஒரே வரியில் ஒளித்திருக்கிறார்: மூலையில் இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு பித்தளைக் கூஜா, மடித்துவைத்த குடை, பழைய பேரேடுகள். நாலோடு ஐந்தாக வாசகர் தாண்டிப் போய்விடுவார். திரையில் அந்த வரி கிடையாது. குடையை அருகில் காட்டினால் தமுக்கு அடித்த மாதிரி. காட்டாமலே விட்டாலோ அழுகுணி ஆட்டம். துப்பறிபவர் கண்டதை அப்போதே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்றே இருக்கிறது.

எழுத்தில் ஒரு சொல்லாகக் கிடப்பது திரையில் எப்படி ஊதிப் பெருக்கும் என்பதற்கு, ஆங்கில நாவலாசிரியர் காலின் டெக்ஸ்டரின் துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் நல்ல உதாரணம். ஆரம்ப நாவல்களில் மோர்ஸின் காடி (கார்) லான்சியா. 1987இல் தொடங்கிய தொடரில் சிவப்பு ஜாகுவார். வாராவாரம் கண்முன் ஓடிய அந்தக் காடி, பிற்பாடு நாவல்களின் மறுபதிப்புகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஒரு காடிக்கே இப்படியென்றால் ஒரு குடையை எப்படி மறைப்பது?

நாங்கள் கண்ட வழி: குடை கேமராச் சட்டகத்துக்குள்ளேயே இருக்கட்டும். அதே நேரத்தில் முன்னால் இரண்டு பேர் புரோநோட்டைப் பிடுங்கிக்கொண்டு சண்டை போடட்டும். நாவலில் இந்தச் சண்டை வேறோர் அத்தியாயத்தில் வருகிறது. அதை இங்கே நகர்த்தினோம். பார்ப்பவர் கண் புரோநோட்டில் இருக்கும், குடை தானாக உள்ளே போய்விடும்.

இதை எழுதிக்கொண்டிருந்த இரவு, பக்கத்து வீட்டு அம்மா பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ‘அதோ பாரு காக்கா’ என்கிறார். பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். கவளம் உள்ளே போகிறது. காக்கா நிஜமாகவே மதில்மேல்தான் உட்கார்ந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

பராக்குக் காட்டுவது என்போமே, அதுதான். ஆகவே என் முன்மொழிவு: பராக்கு. சந்தேகத்தை இழுத்துக்கொள்ளும் ஆள் பராக்காள், பொருள் பராக்குத் துப்பு, காட்சி பராக்குக் காட்சி. வினைக்கு எங்கும் அலைய வேண்டாம், ‘காட்டு’ தயாராக இருக்கிறது. பார்வையாளர் செய்வதற்கும் சொல் இருக்கிறது: பராக்குப் பார்ப்பது.

எல்லாத் துப்பறியும் தொடருக்கும் இது தேவையா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இல்லை. கொலம்போவில் (இலங்கையின் கொழும்பு இல்லை, அமெரிக்கத் தொடர்) கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அங்கே பராக்குக்கு வேலை குறைவு.

செந்தூலிலிருந்து,
அட்டவணைக்காரன்

—

பட்டர்வொர்த்திலிருந்து:

தம்பி, விளக்கம் நன்று. ஆனால் நாடக மேடையில் கட்டியக்காரன் ‘ராஜாதி ராஜன் வருகிறார், பராக்! பராக்!’ என்று கூவுவதை மறந்துவிட்டீர்களா? அங்கே பராக் என்றால் கவனம். நீங்கள் கவனம் சிதறுவதற்கு வைக்கிறீர்கள். ஒரே சொல் இரண்டு எதிர்ப் பொருளைத் தூக்கலாமா? வடமொழி வாசமும் அடிக்கிறது. முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் என் ஓட்டு இன்னும் மாயமானுக்கே.

—

கிள்ளானிலிருந்து:

ஐயா, அண்ணே, படத்தொகுப்பு மேசையிலிருந்து எழுதுகிறேன். நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்தோம். ‘இது பராக்கு, குளோசப் போடு. அது துப்பு, குளோசப் வேண்டாம்.’ வாயில் நன்றாக உட்காருகிறது. மதியத்துக்குள் எங்கள் மலாய் ஒலிப்பதிவாளரும் ‘பராக்கு மானா?’ (பராக்கு எங்கே?) என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மாயமான் என்று சொன்னபோது எந்த மான் என்று கேட்டார். ஒரு சந்தேகம்: ஒரே ஆள் இரண்டு பகுதிக்குப் பராக்காளாக இருந்து, கடைசியில் அவரே கொலையாளி என்றால் என்ன எழுதுவது?

—

மறு:

ஐயா, கட்டியக்காரனும் பாட்டியும் சொல்வது ஒன்றுதானே: ‘இங்கே பார்.’ பார்ப்பதால் என்ன தப்பிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். வடமொழி வாசத்துக்கு மறுப்பில்லை. சோறு ஊட்டும் பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது?

கிள்ளான் தம்பிக்கு: அப்படியென்றால் அவர் பராக்காள் இல்லை, சந்தேக ஆள் மட்டும்தான். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

புதன்கிழமை குடைக் காட்சி. அட்டவணையில் பராக்கு என்றே மாற்றி அனுப்பிவிட்டேன். அப்புறம், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அடுத்து என்ன என்று தவிக்க விடுவார்களே கிளிஃப்ஹேங்கர், அதற்கு ‘தொடரும்’ போதும் என்று இயக்குநர் சொல்கிறார். எனக்குப் போதவில்லை. புது இழை தொடங்கட்டுமா?